மாமனாரின் மீசைக்குக் கிடைத்த விசா

மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டும் குருவுக்கு ஆறடி உயரம். அவ்வளவு நீள வண்டியைப் பின்பக்கமாகவே ஓட்டி வந்து, இரண்டு லோரிகளுக்கு நடுவில், பல்லிடுக்கில் குச்சி செருகுவது போல நிறுத்திவிடுவான். ஆனால் ஏதாவது ஓர் அலுவலகத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ள வேண்டுமென்றால் மட்டும் அந்த உடம்பு பாதியாகிவிடும். உள்ளே போனதும் முதல் வேலையாக மன்னிப்புக் கேட்பான். ஒருமுறை கரண்டு பில் கட்டப் போய், வாசலில் நின்ற காவலாளியிடமே மன்னிப்புக் கேட்டிருக்கிறான். அந்த ஆளும் பதறிப்போய்ப் பதிலுக்குக் கேட்டாராம். மூன்றாம் படிவம் படிக்கும்போது, பதினைந்து வயதில், பள்ளிக்கூடம் இவனை விட்டதா, இவன் பள்ளிக்கூடத்தை விட்டானா என்பது இன்னும் தீராத வழக்கு.

அலுவலகத்துக்கு அடுத்தபடியாக அவன் பயந்தது மாமனாரின் மீசைக்கு.

மாமனார் பக்கிரிசாமி மன்னார்குடிக்காரர். அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் எடுக்காமல் ஏறியவன் அந்த மீசையைப் பார்த்ததும் தானாகவே இறங்கிவிடுவான் என்று ஊரில் பேச்சு. தூரத்துச் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு அங்கே போன குரு, பந்தியில் சாம்பார் வாளியோடு வந்த குமுதாவைப் பார்த்துவிட்டு மூன்று முறை சாம்பார் கேட்டான். பெண் கேட்டுப் போனபோது பக்கிரிசாமி அவனைச் சந்தையில் மாட்டைப் பார்ப்பது போலப் பார்த்தார். பல்லைப் பிடித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். எப்படியோ சம்மதித்தார். குமுதா கிள்ளானுக்கு வந்தாள்.

அதன் பிறகு வீடியோ கோல் வந்தால் திரை முழுக்க மீசைதான். போனை எவ்வளவு தூரத்தில் பிடிக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"மாப்ள, நல்லா இருக்கீங்களா? சாப்புட்டாச்சா?"

"ஆமா மாமா."

இரண்டு கேள்விக்கும் சேர்த்து ஒரே பதில். கல்யாணமான நாளிலிருந்து மாமனாரும் மருமகனும் பேசிக்கொண்டது இவ்வளவே.

இப்படியிருக்கையில் குமுதா உண்டானாள். முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். ஆனால் நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, விமானம் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தாய்வீட்டில் தாயும் இல்லை. அவள் அம்மா போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. குமுதா அழவில்லை. ஏற்கெனவே பளபளவென்று இருந்த சோற்றுப் பானையை எடுத்து வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பானை கெஞ்சுகிற நிலைக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அம்மா இருந்தா வளையலோட வந்து நின்னிருப்பாங்க. அப்பாவயாச்சும் வரவச்சிருங்க. வளைகாப்புல தாய்வீடுன்னு ஒரு ஆளாவது நிக்கணும்ல?"

அது இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் ஆண்டின் நடுப்பகுதி. அந்த வருடம் முடிகிற சமயத்தில்தான் இந்தியாவிலிருந்து சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு விசா வேண்டாம் என்று ஆனது. குருவின் அதிர்ஷ்டம் எப்போதுமே அவன் லோரியைவிட மெதுவாகத்தான் வரும்.

கண்ணாடிக் கதவு இல்லாத கடையாகத் தேடி, கொமியூட்டர் ரயில் பிடித்து, தலைநகரில் தமிழ்க் கடைகள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனான். அங்கே உஷாராணி என்ற அக்கா, ஒரு மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருந்தார். நகல் எடுப்பார், டிக்கெட் போடுவார், விசாவுக்குக் கணினியில் விண்ணப்பிப்பார், பக்கத்திலேயே பாட்டிலில் முறுக்கும் விற்பார். கதவு இல்லாவிட்டாலும் குரு பழக்கதோஷத்தில் மன்னிப்புக் கேட்டான். மன்னிச்சாச்சு, உட்காரு என்று சொல்லிவிட்டு, அக்கா மாமனாரின் படத்தைக் கேட்டார்.

மன்னார்குடி ஸ்டுடியோக்காரர் அனுப்பியிருந்த படத்தைத் திறந்ததும் உஷாராணிக்கு முறுக்கு தொண்டையில் நின்றது. பக்கிரிசாமி கோட்டு சூட்டில் இருந்தார். கழுத்தில் சிவப்பு டை. முகம் ரோஸ் பவுடரில் குளித்து எழுந்த மாதிரி இருந்தது. பின்னால் நீல வானம், அதில் இரண்டு மேகம்.

"இவரு யாரு லா, அமைச்சரா?"

"பஸ் கண்டக்டர்கா. கோட்டு ஸ்டுடியோக்காரன் போட்டது. கம்ப்யூட்டர்ல."

"மேகத்தயும் அவனே போட்டானா? தம்பி, வெள்ளைச் சுவத்துக்கு முன்னால, சொந்தச் சட்டையோட, சொந்தக் கலர்ல நிக்கச் சொல்லு."

இரண்டாவது படம் வந்தது. கதர்ச் சட்டை, கறுத்த முகம், காது வரை ஏறி நின்ற மீசை. உஷாராணி திருப்தியாகத் தலையாட்டினார். இந்த மூஞ்சியை ஒருதரம் பார்த்த ஆபீசர் ஓய்வு பெற்றாலும் மறக்க மாட்டார் என்றார். பிறகு விரலை நீட்டி ஒன்று சொன்னார்:

"அப்படியே வரச் சொல்லு. படத்துல இருக்கிற மாதிரியே. கேட்டுக்கிட்டியா?"

கேட்டுக்கொண்டான். ஆனால் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? வருடக்கணக்கில் ஒரே ஒரு 'ஆமா மாமா' சொல்லிப் பழகிய வாயால், எடுத்த எடுப்பில் 'மாமா, மீசையைத் தொடாதீங்க' என்று சொல்ல முடியுமா? மாமனாரின் மீசையைப் பற்றி மருமகன் பேசுவது நம் ஜாதகத்திலேயே கிடையாது. அவர் அதைத் தொடவா போகிறார், அது அவருக்கு மூக்கு மாதிரி என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு ரயில் ஏறிவிட்டான்.

விண்ணப்பம் போட்ட பிறகு காத்திருப்பு. குமுதா ஒன்றும் கேட்கவில்லை. தினமும் அவன் வீட்டுக்குள் வரும்போது கையை மட்டும் பார்த்தாள். அந்தப் பார்வை தாங்காமல், ஒருநாள் முருகன் கோயில் எதிரே சிவப்பு விளக்கில் லோரி நின்றபோது குரு வேண்டிக்கொண்டான்: "முருகா, மாமாவுக்கு விசா வந்துட்டா மொட்ட போடறேன்." அதற்குள் பச்சை விழுந்துவிட்டதால் வேறு நிபந்தனை எதுவும் சேர்க்க நேரமில்லை.

விசா வந்தது. முப்பது நாள். குமுதா அந்தத் தாளைத் திருநீறு வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கினாள். அடுத்த நாள் காலையிலேயே குரு கோயிலுக்குப் போய்க் கடனை முடித்துவிட்டு, தலையில் சந்தனத்தோடு, பரிசு வாங்கிய பையன் மாதிரி வீட்டுக்குள் நுழைந்தான்.

குமுதாவின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

மனைவி பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது புருஷன் மொட்டை அடிக்கவே கூடாது என்பது ஊரறிந்த சாத்திரம். ஊர் அறிந்திருந்தது, குரு அறியவில்லை. குமுதா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாமி படத்தின் முன் உட்கார்ந்துவிட்டாள். சாமிக்குத்தானே கொடுத்தேன், சாமி கோபித்துக்கொள்ளுமா என்று குரு கேட்டதற்கு, சாமி கோபித்துக்கொள்ளாது, அப்பா கோபித்துக்கொள்வார் என்றாள். "அவருக்கு மட்டும் தெரியவே கூடாது. அவரு திரும்பிப் போற வரைக்கும் தொப்பியக் கழட்டாதீங்க."

அதனால் கம்பெனி தொப்பியோடு சாப்பிட்டான், தொப்பியோடு தூங்கினான். துறைமுகத்தில் நண்பர்கள், தலையில் கண்டெய்னர் விழாமல் இருக்கவா என்று கேட்டார்கள். வீடியோ கோல் வந்தால் குளியலறைக்கு ஓடினான். நல்லவேளையாக, அந்த வாரம் மாமனாரும் முகத்தைக் காட்டவில்லை. போனை மேலே திருப்பி வைத்துவிட்டுப் பேசினார். மன்னார்குடி வீட்டு மின்விசிறிதான் கிள்ளானோடு பேசிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது, அதனால்தான் முகம் கொடுக்க மாட்டேன் என்கிறார் என்று குமுதா முடிவே கட்டிவிட்டாள்.

வளைகாப்புக்கு முந்தின நாள் காலையில் விமானம். குரு தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வருகிற வழியில் நின்றான். திருச்சி விமானத்துக் கூட்டம் அட்டைப்பெட்டிகளோடு வந்தது. மீசை வரவில்லை. கூட்டம் மெலிந்தது. மீசை வரவில்லை. துடைப்பக்காரர் வந்து அவன் காலைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனார். அப்போதுதான் போன் அடித்தது. குடிநுழைவு அலுவலகத்திலிருந்து ஒரு குரல்: பக்கிரிசாமியை அழைத்த ஆள் நீதானா, உள்ளே வா.

கண்ணாடிக் கதவு.

குரு அதைத் தள்ளுவதற்கு முன்பே ஒரு சத்தம் கேட்டான். கலகலவென்று கண்ணாடி வளையல் சத்தம். உள்ளே ஒரு நாற்காலியில், மடியில் துணிப்பையை அணைத்தபடி, ஒரு சின்ன மனிதர் உட்கார்ந்திருந்தார். மொட்டைத் தலை. மழமழவென்ற மேலுதடு. அவர் முழங்கால் நடுங்க நடுங்க, பைக்குள் வளையல்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. யாரோ பாவம் என்று நினைத்து, குரு மாமனாரைத் தேடி அறையை ஒரு சுற்றுப் பார்த்தான்.

"மாப்ள," என்றார் அந்தச் சின்ன மனிதர்.

குருவுக்கு மன்னிப்புக் கேட்கக்கூட வாய் வரவில்லை.

மேசைக்குப் பின்னால் இருந்த மலாய் அதிகாரி பொறுமையாகவே பேசினார். பாஸ்போர்ட்டில் ஒரு மீசை இருக்கிறது, விசாவில் அதே மீசை இருக்கிறது, வந்திருப்பவரிடம் இல்லை. என்ன கேட்டாலும் கதை சொல்கிறார், எனக்குத் தமிழ் புரியவில்லை. இவர் அவர்தான் என்று நான் எப்படி நம்புவது? அடுத்த விமானத்திலேயே திருப்பி அனுப்ப வேண்டியிருக்கலாம் என்றார்.

வீட்டில் குமுதா கூடத்தில் மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருப்பாள். முதல் வளையல் போடும் நாற்காலியை அப்பாவுக்கென்று ஒதுக்கித் துணி விரித்திருந்தாள். அந்த நாற்காலி கண்ணில் வந்ததும் குருவுக்கு அதுவரை எந்த அலுவலகத்திலும் வராத குரல் வந்தது. ஏன் மாமா, எதற்கு எடுத்தீர்கள் என்று கேட்டான்.

பக்கிரிசாமி பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். விசா வந்தால் முடி தருகிறேன் என்று குலதெய்வத்திடம் வேண்டியிருந்தாராம். "நாவிதன் மீசையுமான்னு கேட்டான் மாப்ள. கேட்டது முழுசாக் கெடைச்சிருச்சு, குடுக்குறதுல என்னடா பாதின்னுட்டேன். பொண்டாட்டி செத்தப்பக்கூட எடுக்கல. அவளுக்குப் புடிச்ச மீசை. அவ மகளுக்காகன்னா ஒண்ணும் சொல்ல மாட்டா."

மலாயில் நேர்த்திக்கடனுக்கு 'நஸார்' என்று சொல்வார்கள். துறைமுகத்தில் பாதி நண்பர்கள் மலாய்க்காரர்கள். மகன் பாஸானால் நோன்பு பிடிக்கிறேன், ஆடு அறுக்கிறேன் என்று அவர்களும் நஸார் வைப்பவர்கள்தாம். குரு அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டான். இவர் நஸார் தீர்த்துவிட்டு வந்திருக்கிறார் ஐயா, மகளைப் பார்க்க அனுமதி கிடைத்ததற்கு என்றான். அதிகாரியின் முகம் கொஞ்சம் இளகியது. ஆனாலும் சந்தேகம் முழுதாகப் போகவில்லை. சொல்வதை யாரும் சொல்லலாம் இல்லையா?

குரு மாமனாரை ஒருமுறை பார்த்தான். குமுதா சொன்னது காதில் ஒலித்தது. பிறகு தொப்பியைக் கழற்றினான்.

"நானும்தான் ஐயா," என்று மலாயில் சொல்லி, தன் அடையாள அட்டையை மேசைமேல் வைத்தான். அதில் அவன் தலையில் ஒரு காடு இருந்தது.

அதிகாரி அட்டையைப் பார்த்தார். மொட்டையைப் பார்த்தார். மற்ற மொட்டையைப் பார்த்தார். ஒருவருக்கொருவர் தெரியாமலா என்று கேட்டார். தெரியாமல்தான் என்று குரு சொன்னதும் அவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்துவிட்டார். பக்கத்து அறையிலிருந்து இன்னொருவரைக் கூப்பிட்டு இரண்டு தலைகளையும் காட்டினார். சிரிப்பு அடங்கியபின் வேலையை ஒழுங்காகவே செய்தார்: பக்கிரிசாமியைப் பக்கவாட்டில் திரும்பச் சொல்லி, இரண்டு காதுகளையும் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். காது மட்டும் நேர்த்திக்கடனில் போகாமல் அப்படியே இருந்தது. முத்திரை விழுந்தது.

இருவரும் வெளியே வந்து காரில் ஏறினார்கள். குரு வண்டியைக் கிளப்பியதும் பக்கிரிசாமி கேட்டார்.

"புள்ளத்தாச்சி புருசன் மொட்ட போடக்கூடாதுன்னு யாரும் சொல்லலியா?"

"சொன்னாங்க மாமா. போட்டுட்டு வந்தப்பறம்தான் சொன்னாங்க."

கோபத்துக்காகக் குரு காத்திருந்தான். சுங்கச்சாவடி ஒன்று கடந்தது. பிறகு ஒரு சொரசொரப்பான கை அவன் தலைமேல் வந்து உட்கார்ந்து, பின்னந்தலை வரை தடவிவிட்டுப் போனது.

"எனக்காகவா?" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, எண்ணெய்ப்பனை மரங்களைப் பார்ப்பதாக நெடுநேரம் நடித்தார்.

கதவைத் திறந்த குமுதா, முதலில் கணவனின் வெறுந்தலையைப் பார்த்து முறைத்தாள். பிறகு பின்னால் நின்ற மொட்டை யாரென்று புரிந்ததும், அப்பாவின் மேலுதட்டில், மீசை இருந்த இடத்தில், விரலை வைத்துப் பார்த்தாள். அன்றைக்குத்தான் அவள் அழுதாள். இரண்டு மொட்டைகளும் என்ன செய்வதென்று தெரியாமல் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

மறுநாள் பச்சையும் சிவப்புமாக மன்னார்குடி வளையல்கள் தட்டில் அடுக்கப்பட்டன. ஒன்றுகூட உடையவில்லை. ஆம்பளை வளையல் போடலாமா என்று கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. குமுதா அதைக் காதில் வாங்காமல் அப்பாவின் முன்னால் கையை நீட்டினாள். காலமெல்லாம் டிக்கெட் கிழித்த விரல்கள் வளையலை ஏற்றத் தெரியாமல் தடுமாறின. குரு குனிந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். முதல் வளையல் ஏறியது.

பந்தியில் மாமனார் மருமகனைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டார்.

"மாப்ள, நல்லா இருக்கீங்களா? சாப்புட்டாச்சா?"

இந்த முறை குரு இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் சொன்னான். புளியோதரை ஆறிப்போகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தான்.