துப்பாக்கி இல்லாத பட்டறையில் தோட்டா சீவும் கருவி

எதற்கென்று தெரியாத பொருளை மயிரிழை பிசகாமல் செய்து கொடுப்பதுதான் எங்கள் தொழில். ஜாப் ஒர்க் பட்டறைகளில் காலம் தள்ளிய அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

கூடுவாஞ்சேரியில் ஒரு லேத் பட்டறையில் நான் பயிற்சி எஞ்சினியர். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. வெளிநாட்டிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. அங்கே சிலர் மேஜைமேல் துப்பாக்கியைச் சாய்த்து வைத்து, காகிதத்தில் விழுந்த ஓட்டையிலேயே மறுபடி மறுபடி சுடுவதைப் போட்டியாக நடத்துகிறார்கள். சுட்டபின் தோட்டாவின் பித்தளைக் கூட்டை எறிய மாட்டார்கள். அதிலேயே திரும்ப வெடிமருந்து நிரப்புவார்கள். சுட்ட கூட்டின் கழுத்து கொஞ்சம் நீண்டுவிடும். அதைச் சீவ ஒரு கைக்கருவி உண்டு. அந்தக் கருவி வேறோர் அளவுக் கூட்டையும் பிடிக்கும்படி நாங்கள் கூட்டை உள்ளே செருகும் ஒரு பிடிகுழல் செய்துதர வேண்டும். சாம்பிள் பாஸானால் என் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

ஏட்டய்யா விசாரணை

குழலைச் சோதிக்கத் தோட்டாக் கூடு வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் அது நம் கைக்கு வராது. வந்தால் நாம்தான் உள்ளே போவோம். வாடிக்கையாளர் அனுப்பிய படத்தைப் பார்த்து, லேத் ஓட்டும் டர்னர் சம்பத் அண்ணன் பித்தளைக் கம்பியில் அதே அளவில் போலிக் கூடு ஒன்று கடைந்தார். பளபளவென்று இருந்தது. டீக்கடையில் நான் அதைத் துடைத்துக்கொண்டிருந்ததை யாரோ பார்த்து, யாரிடமோ சொல்ல, மறுநாள் ஏட்டய்யா வந்து நின்றார்.

போட்டி, ஓட்டை, கழுத்து என்று எல்லாவற்றையும் வியர்க்க வியர்க்க விளக்கினேன். அவர் அதை உருட்டிப் பார்த்தார். தட்டினார். உள்ளே ஓட்டையே இல்லை, முழுப் பித்தளை. ஏமாந்த முகத்தோடு சொன்னார்: "இன்னாப்பா இது, கோயில் மணி நாக்கு கணக்கா கீது. இத்தப் போயி தோட்டான்னு சொன்னான் பாரு, அவனப் புடிச்சி உள்ள போடணும்."

மாப்பிள்ளை என்ன செய்கிறார்

எங்கள் வீடு வேடந்தாங்கல் பக்கம். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கே வெடி வைக்காத ஊர். பெண் பார்க்கப் போன இடத்தில் அப்பா பெருமை தாங்காமல், "பையன் துப்பாக்கிக் கம்பெனில இருக்கான்" என்று சொல்லிவிட்டார்.

எனக்குப் பொய் வராது. "துப்பாக்கி இல்லீங்க, தோட்டா" என்றேன். அதுவும் தப்பாகப் பட்டது. "தோட்டாவும் இல்லீங்க, அதோட கூடு. கூடு கூட இல்லீங்க, கூட்டைச் சீவுற கருவி. கருவி வேற ஆளு செய்றாரு. நாங்க அதுல மாட்டுற பிடி மட்டும்." வேலை நிரந்தரமா என்று கேட்டார்கள். இன்னும் இல்லை என்றேன். அப்பா மிக்சர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணின் தகப்பனார் நிதானமாகக் கேட்டார்: "ஒண்ணொண்ணா கழிச்சிக்கினே வரீங்களே தம்பி, கடைசில நீங்களாவது மிச்சம் கீறீங்களா?"

வெண்ணெய் மாதிரி

குழல் தயாரானது. எங்கள் பித்தளைத் தோட்டா அதில் வெண்ணெய் மாதிரி வழுக்கி இறங்கி, கச்சிதமாக நின்றது. முதலாளி அல்வா வாங்கிக் கொடுத்தார். சாம்பிள் பறந்தது. சில வாரங்கள் கழித்து வாடிக்கையாளரே வந்து மாமல்லபுரத்தில் கடலோர ஓட்டலில் இறங்கினார். அரைக்கால் சட்டை போட்ட, ஓய்வு பெற்ற பல் டாக்டர். கூடவே சென்னை ஏஜென்ட். நானும் முதலாளியும் சம்பத் அண்ணனும் போனோம்.

டாக்டர் சிரித்தபடி பேசியதை ஏஜென்ட் தமிழாக்கினார்: "புதுக் கூடு அழகா இறங்குதாம். ஆனா புதுசை யாரும் சீவ மாட்டாங்களாம். சுட்டதும் கூடு உப்பிடுமாம். அது குழலுக்குள்ள போகவே இல்லையாம்."

முதலாளி என்னைப் பார்த்தார். சம்பத் அண்ணன் என் காதருகே வந்தார்: "இன்னா நைனா, சுட்டா வீங்கும்னு காலேஜ்ல சொல்லித் தரலியா?"

"உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"எனக்கு எப்டித் தெரியும்? நா தோசக்கல்லுல கைய வெச்சி வீங்கினதோட சரி."

வறுத்த வஞ்சிரம்

மேஜையில் வறுத்த வஞ்சிரம் ஆறிக்கொண்டிருந்தது. வேலை போனது என்று முடிவாகிவிட்டதால் எனக்கு வாய் திறந்தது. "நீங்க அனுப்பினது புதுக் கூட்டோட படம். சுட்ட கூட்டோட அளவை அனுப்பவே இல்லையே?" என்றேன். ஏஜென்ட் அதை மன்னிப்பாக மொழிபெயர்க்கப் பார்த்தார். விடாமல் நானே என் கல்லூரி இங்கிலீஷில் திருப்பிச் சொன்னேன்.

டாக்டர் கோபப்படவில்லை. அப்படி ஓர் அளவே கிடையாதாம். எந்தத் துப்பாக்கியில் சுடுகிறோமோ, அதன் உள்ளறைக்கு ஏற்பக் கூடு உப்புமாம். மும்முரமாகப் போட்டியிடுபவர்கள் தங்கள் துப்பாக்கிக்கென்றே ஒரு குழல் கேட்பார்களாம். அந்த அளவுகளை இனி அனுப்பி வைக்கிறாராம்.

முதலாளி மெல்லுவதை நிறுத்தினார். ஆளுக்கு ஒரு குழலா என்று ஏஜென்டிடம் இன்னொரு முறை கேட்டுக்கொண்டார். பிறகு, அதுவரை எனக்குத் தராமல் வைத்திருந்த மீன் தட்டை என் பக்கம் நகர்த்தினார். "சாப்புடு தம்பி. இது தப்பே இல்ல, இதான் வியாபாரம். நாளையிலேர்ந்து நீ பர்மனென்ட்."

எங்கேயோ ஒருவர் காகிதத்தில் ஒரே ஓட்டை போடுவதற்காக நான் இரும்பில் ஓயாமல் ஓட்டை போட்டுக்கொண்டிருப்பதைத்தான், அன்பர்களே, நிரந்தர வேலை என்கிறார்கள்.