பதினேழாவது கேள்வி

ஆஸ்பத்திரிச் சலவை அறையில் பதினோரு வருஷமாக வேலை பார்த்த அந்தப் பெண்ணைப் பெரிய டாக்டரிலிருந்து வாசல் காவலாளி வரை எல்லோரும் சலவையக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த நர்ஸம்மாவுக்கும் அவள் அக்காதான். துணியில் இருப்பது ரத்தக் கறையா, மருந்தா, டீயா என்று எட்ட நின்றே சொல்லிவிடுவாள். வாயும் கொஞ்சம் நீளம். "யாரு நிஜமா நோயாளி, யாரு வீட்டுக்குப் போகப் பயந்து படுத்திருக்காங்கன்னு படுக்கை விரிப்பைக் கேட்டா சொல்லிடும்" என்பாள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அந்த வாய் திறந்ததில்லை. அவள் மலைக்காரி. ஒன்பது வயதில் கீழே விடுதிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து விட்டார்கள். சொந்த மொழியில் ஒரு வார்த்தை வந்தாலும் வகுப்புக்கு வெளியே வெயிலில் நிற்க வேண்டும். இரண்டே மாதத்தில் நாக்கு வழிக்கு வந்துவிட்டது. அதன் பிறகு யாராவது ஊர் கேட்டால் "கிழக்கால" என்று கையை வீசிவிட்டுப் பேச்சை மாற்றுவாள். எலெக்ட்ரீஷியனான கணவருக்கு மட்டும் தெரியும். "இதைப் போய் ஊரெல்லாம் சொல்லணுமா என்ன?" என்று கல்யாணத்தன்றே முடித்துவிட்டார். ஒன்பதாவது படிக்கும் மகளுக்குக்கூடத் தெரியாது.

அப்படி இருக்கையில்தான் போலீஸ் ஜீப்பில் அந்த மனிதரைக் கொண்டுவந்தார்கள். அறுபது வயதிருக்கும். மலை நிலங்களை எடுத்துக்கொண்டிருந்த அணைக்கட்டு அலுவலகத்தின் வாசலில் நான்கு நாள் உட்கார்ந்து, யாருக்கும் புரியாத மொழியில் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாராம். போகச் சொன்னாலும் போகவில்லை, அடிக்க ஓங்கினாலும் நிறுத்தவில்லை. மனநலப் பிரிவில் சேர்த்துவிட்டார்கள்.

வெளுத்த விரிப்புகளை அடுக்கி எடுத்துக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தவளின் கால் அப்படியே நின்றது.

"பிளந்த பாறையிலேருந்து ஓடை. ஓடை வளையிற இடத்துல ரெட்டை மரம். ரெட்டை மரத்துக்கு மேல கறுப்பு மண். கறுப்பு மண் முடியிற வரைக்கும் எங்களுது."

முப்பது வருஷமாகக் காதில் விழாத மொழி. அவர் சொல்வது என்னவென்று அவளுக்கு உடனே புரிந்தது. மலையில் நிலத்துக்குக் காகிதம் கிடையாது. பாறையும் மரமுமாய் நிலத்தின் எல்லையை ஒப்பிப்பதுதான் பத்திரம். அதை ஒரு வார்த்தை பிசகாமல் சொல்லத் தெரிந்தவர்தான் வீட்டுக்குத் தலைவர். அலுவலக வாசலில் அவர் உளறவில்லை. தன் பத்திரத்தை நீட்டியிருக்கிறார்.

"மூணு மணி நேரமா இதே பாட்டுதான்க்கா. நல்லா முத்திப்போச்சு" என்றாள் நர்ஸம்மா.

சலவையக்கா விரிப்புகளைக் கட்டிலில் வைத்தாள். அழுக்கு விரிப்புகளை வாரிக்கொண்டு திரும்பி நடந்தாள். மறுநாளும் அப்படித்தான். அவர் பேச்சு புரிகிறது என்று சொன்னால் என்ன ஆகிவிடும் என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். ஒன்றும் ஆகாது என்று தெரிந்தது. ஆனாலும் வாயைத் திறக்கப்போனால் பிடரியில் வெயில் சுட்டது. மூன்றாம் நாள் போனபோது அவர் கையைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். கையிலிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு டாக்டர் அறைக்கு ஓடி, "அவர் உளறலை டாக்டர், நிலத்து எல்லையைச் சொல்றார், எனக்கு அந்த பாஷை தெரியும்" என்றாள்.

டாக்டர் சின்னப் பெண். மனசு நல்ல மனசு. "மூணு நாளா அந்தப் பக்கம்தானே வந்து போனீங்க, ஏன்க்கா சொல்லலை?" என்று கேட்டாள். அதற்கு மேல் தோண்டவில்லை. கட்டை அவிழ்க்கச் சொல்லி, கட்டில் அருகே நாற்காலி போட்டு, இருபத்துநான்கு கேள்விகள் அச்சடித்த படிவத்தை எடுத்தாள்.

"இதுல இருக்குறதை இருக்குற மாதிரியே கேளுங்கக்கா. நீங்களா விளக்கம் சேர்க்கக் கூடாது. எனக்கு ஆமா, இல்லை, அவ்வளவு போதும்."

சலவையக்காவின் வாயிலிருந்து முதல் வார்த்தை வந்ததும் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"யார் வீட்டுப் பொண்ணும்மா நீ?"

"பாறையடி வீடு, பெரியப்பா."

அவர் கண் கலங்கிவிட்டது. "என்ன சொல்றார்?" என்றாள் டாக்டர்.

"எங்க வீட்டை விசாரிக்கிறார்."

"அது படிவத்துல இல்லைக்கா."

தூக்கம் சரியாக வருகிறதா என்ற கேள்விக்கு, "கட்டிப்போட்டா எப்படிம்மா தூக்கம் வரும்?" என்றார். டாக்டர் 'இல்லை' என்று குறித்தாள். உங்களுக்கு எதிராக யாராவது வேலை செய்வதாகத் தோன்றுகிறதா? "தோணுறது என்ன, ஆபீஸ்ல நாற்காலி போட்டு உட்கார்ந்தில்ல செய்யிறாங்க!" சலவையக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் 'ஆமாம்' என்று குறித்ததும் அந்தச் சிரிப்பு நின்றது.

பதினேழாவது கேள்வி: பக்கத்தில் இல்லாதவர்களின் குரல் உங்களுக்குக் கேட்கிறதா?

அவள் தயங்கினாள். "டாக்டர், இதை எங்க பாஷையில கேட்க முடியாது. எங்களுக்கு நினைக்கிறதுக்கும் கேட்குறதுக்கும் ஒரே வார்த்தைதான். இறந்தவங்களை நினைக்கிறேன்னு சொல்ல வேற வழியே இல்லை, அவங்க காதுல கேட்குறாங்கன்னுதான் சொல்லணும்."

"அப்படின்னா குழம்பிடாதா?"

"நாம 'கேட்டேன்'னு சொன்னா காதால கேட்டதா, வாயால கேட்டதான்னு குழம்புறோமா? அது மாதிரிதான்."

டாக்டர் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள். "எனக்குப் புரியுதுக்கா. ஆனா எத்தனையோ நாட்டுல சரிபார்த்த படிவம் இது. நான் ஒரு கேள்வியை மாத்தினா மொத்தமும் செல்லாது. நீங்க கேளுங்க."

கேட்டாள்.

"கேட்காம இருக்குமா? எங்கப்பா கேட்குறார். போன மழையில, எங்களைக் கிளப்பிக் கொண்டுபோய் அடைச்ச அந்த முகாம்ல செத்தாளே என் பொண்டாட்டி, அவ கேட்குறா. அவங்க கேட்டாத்தானே நான் எல்லை சொல்ல முடியும்?"

சலவையக்கா அத்தனையையும் மொழிபெயர்த்தாள், ஒரு வார்த்தை விடாமல். படிவத்தில் அதற்கு ஒரு சின்னக் கட்டம்தான் இருந்தது. டாக்டர் தலை நிமிராமல் 'ஆமாம்' என்று குறித்தாள். கூட்டிப் பார்த்ததில், நோய் என்று சொல்வதற்கான அளவைத் தாண்டி ஒரே ஒரு எண் கூடியிருந்தது.

அவர் மகள் முகாமிலிருந்து வந்து சேர்ந்தபோது, மனநிலை சரியில்லை என்ற சான்றிதழ் தயாராகிவிட்டது. அடுத்த வாரம் நில விசாரணை; சான்றிதழின் நகல் ஒன்றை அணைக்கட்டு அலுவலகம் கேட்டு வாங்கிக்கொண்டது. அந்தப் பெண் வராந்தாவில் சலவையக்காவை மறித்தாள்.

"எங்கப்பா பேச்சை அவங்களுக்குச் சொன்னது நீதானே? என்ன சொன்னே?"

"அவர் சொன்னதைத்தான்மா சொன்னேன்."

"அப்ப பைத்தியம்னு எப்படி வந்துச்சு?"

சலவையக்கா திரும்பி நேராக டாக்டர் அறைக்குப் போனாள்.

டாக்டரைக் கெஞ்சி மேலிடத்துக்குக் கடிதம் எழுத வைத்தாள். அங்கீகரித்த படிவத்தில் திருத்தம் செய்ய வழியில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. லீவு போட்டுவிட்டு அணைக்கட்டு அலுவலகத்துக்குப் போனாள். "அவருக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்டார் அதிகாரி. "எங்க ஆளு. நானும் மலைக்காரிதான்" என்றாள். ஆஸ்பத்திரிக்கு வெளியே, ஊரார் முன் அதைச் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதிகாரி கோபிக்கவில்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். "விசாரணை நேத்தே முடிஞ்சுதும்மா. மனநிலை சரியில்லாதவர் சாட்சி செல்லாதுன்னு சட்டம். நான் என்ன பண்ண முடியும்?" என்றார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள். தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தாள்.

அவரைத் தலைநகரத்து ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். இரண்டு மாதம் கழித்துக் கை நிறைய மாத்திரையோடு திரும்பி வந்தவர் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்; விரல்கள் மட்டும் தாமாக ஆடிக்கொண்டிருந்தன. அதே நாற்காலி, அதே படிவம். பதினேழாவது கேள்வி வந்தது.

"இல்லைம்மா" என்றார் மெதுவாக. "இப்ப யாரும் கேட்குறதில்லை. அப்பாவும் இல்லை, அவளும் இல்லை. ரெட்டை மரத்துக்கு மேல என்னன்னு கூடத் தெரியலை."

சலவையக்கா அதையும் முழுசாகச் சொன்னாள். 'குரல் நின்றது, நல்ல முன்னேற்றம்' என்று எழுதிக்கொண்டிருந்த டாக்டரின் கை நடுவில் நின்றது. டாக்டரும் மாத்திரையைக் குறைக்கத்தான் பார்த்தாள். தலைநகரத்தார் எழுதிக் கொடுத்ததை மாற்ற அவளுக்கு அதிகாரமில்லை. அன்றே அவரை விடுவித்தார்கள். மழைக்காலம் முடிந்ததும் அவர் நிலத்தில் அணைத் தண்ணீர் ஏறிவிட்டது.

சலவையக்காவுக்குக் கழுத்தில் மாட்ட ஒரு அட்டை கொடுத்தார்கள்: மொழி உதவியாளர். செவ்வாயும் வெள்ளியும் வார்டு, மற்ற நாள் சலவை. முகாமிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வேண்டாம் என்று அட்டையைக் கழற்றி வைக்க ஒருநாள் டாக்டர் அறை வரை போனாள். தானும் போய்விட்டால் அவர்கள் சொல்வது யார் காதில் விழும் என்று நினைத்துத் திரும்பிவிட்டாள்.

வீட்டில் மகளிடமும் சொல்லிவிட்டாள். அவள் கோபப்படுவாள் என்று பயந்திருக்க, "நம்ம பாஷையில ஏதாவது ஒண்ணு சொல்லும்மா" என்று முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள் பிள்ளை. சலவையக்கா யோசித்தாள். சின்ன வயதில் அம்மா கொஞ்சியது எதையாவது சொல்லலாம் என்று தேடினாள். வாயில் வந்ததெல்லாம் 'தூக்கம் சரியாக வருகிறதா', 'சாகலாம் என்று தோன்றுகிறதா' என்ற படிவத்துக் கேள்விகள்தான். "அப்புறம் சொல்றேன்டி" என்று எழுந்து போனாள்.

ஒரு சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அந்த மனிதரின் மகள் நின்றிருந்தாள். ஏதோ அலுவலகத்தில் பெருக்கும் வேலையாம், சீருடை போட்டிருந்தாள். சலவையக்கா தங்கள் மொழியில் கேட்டாள்: "அப்பா எப்படிம்மா இருக்கார்?"

அந்தப் பெண் அக்கம்பக்கம் பார்த்தாள். பிறகு நல்ல நகரத்துப் பேச்சில், "நேரமாச்சுங்க, பஸ் வருது" என்று சொல்லிவிட்டு நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.