வெர்னா ஏரிக்குப் போகும் சாலை

ஃபென்வுட் பள்ளிக்கூடத்து கேன்டீனில் நோலீன் ட்ரிஃபிட்டின் குரல் கேட்காத நாள் கிடையாது. தட்டில் மிச்சம் வைக்கும் பிள்ளைகளை மட்டுமல்ல, தலைமையாசிரியரையும் சேர்த்தே அதட்டுவாள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. அதட்டிய கையோடு இன்னொரு இறைச்சி பஃப்ஸை எடுத்துத் தட்டில் வைத்துவிடுவாள் என்பது எல்லோருக்கும் தெரியும். கணவன் ராஸ் மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவன், அதிகம் பேசாதவன். அவர்களுக்கு ஒரே மகன், கேலம். எலக்ட்ரீஷியன் வேலை பழகிக்கொண்டிருந்தான்.

கேலமுக்குப் பனி என்றால் பைத்தியம். அந்தப் பக்கம் குளிர்காலமான ஜூலையில் மலைச்சாலையைப் பனி மூடியதும் வனத்துறை கீழே கேட்டைப் பூட்டிவிடும். அவன் காரைக் கேட்டருகே விட்டுவிட்டு வெர்னா ஏரி வரைக்கும் நடந்து போய்வருவான். பல தடவை போன வழிதான். அன்றைக்கும் கிளம்பும்போது, இந்தக் காற்றில் போக வேண்டுமா என்று நோலீன் கேட்டாள்.

"சாயந்திரம் வந்துருவேம்மா. ஆட்டுக்கறி எனக்கும் கொஞ்சம் வை, அப்பாவே முழுங்கிடப் போறாரு."

மதியத்துக்கு மேல் காற்று திசை மாறியது. மலை இருந்த இடமே தெரியவில்லை. கேலம் வரவில்லை.

போலீசும் தன்னார்வலர்களும் தேடினார்கள். வானம் வெளுத்த பிறகு ஹெலிகாப்டர் வந்தது. ஏரிக்கரையிலும் அதற்கு மேலுள்ள பாறைச் சரிவிலும் நாய்களை விட்டார்கள். ஒரு கையுறைகூடக் கிடைக்கவில்லை. கடைசியில் போலீஸ் அதிகாரி வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தேடுதலை நிறுத்துகிறோம் என்றார். ராஸ் தலையாட்டினான். நோலீன் எழுந்து போய்த் தேடுதலுக்குப் போகிறவர்களுக்கென்று செய்து வைத்திருந்த சாண்ட்விச்சுகளை ஒவ்வொன்றாகத் தாளில் சுற்ற ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு குளிர்காலத்திலும், லீவு நாளில் தவறாமல், அவள் அந்தச் சாலையில் ஏறினாள். மகன் தூரத்தில் எங்கோ, யார் காலும் படாத சரிவில் கிடக்கிறான், அதனால்தான் தேடியவர்களுக்கு அகப்படவில்லை என்று நம்பினாள். பூட்டிய கேட்டைச் சுற்றிக்கொண்டு போய், முறுக்கிக்கொண்டு நிற்கும் தைல மரங்களுக்கு நடுவே ஏறி, உறைந்து கிடக்கும் ஏரியைச் சுற்றிவந்து, பொழுது சாய்வதற்குள் இறங்குவாள். ஊரில் முதலில் பரிதாபப்பட்டார்கள். பிறகு அவள் வரும்போது பேச்சை மாற்றினார்கள்.

"அவன் அங்க இல்ல நோலி," என்றான் ராஸ் ஒருநாள்.

"அப்ப எங்க இருக்கான்? சொல்லு, அங்க போறேன்."

அதன் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவள் போகும் நாட்களில் ஃபிளாஸ்கில் தேநீர் ஊற்றிக் காரில் வைத்துவிடுவான்.

அந்த வருஷம் பனி கனமாக விழுந்தது. கடைசி வளைவைத் தாண்டியதும், சாலைக்குச் சற்றுக் கீழே, புதர்களுக்கு நடுவே நீலமாக ஏதோ தெரிந்தது. கோட்டு. அதற்குள் ஓர் ஆள், முகம் குப்புறக் கிடந்தான். நோலீன் இடுப்பளவு பனியில் விழுந்து புரண்டு இறங்கினாள். கேலம், கேலம் என்று கூப்பிட்டுக்கொண்டே தோளைப் பிடித்துப் புரட்டினாள்.

தாடியில் பனி ஒட்டிய ஒரு முகம். கண் திறந்திருந்தது. உயிர் இருந்தது. அது அவள் மகன் முகமில்லை.

அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று அவளால் பிறகு சொல்ல முடியவில்லை. அவன்தான் உதட்டை அசைத்தான்.

"சாரிங்க. கொஞ்சம் படுத்துட்டு எந்திரிச்சுடறேன்."

அந்தக் குரல் அவளை எழுப்பியது. கன்னத்தில் அறைந்து நிமிர்த்தினாள். தேநீரை வாயில் ஊற்றினாள். தன் கையுறைகளைக் கழற்றி அவன் கைகளில் மாட்டி, சாலைக்கு இழுத்துப் போட்டாள். ஜாஸ்பர் என்று பேர், மெல்பர்னிலிருந்து வந்தவன். நாலு அடிக்கு ஒரு தரம் உட்காரப் பார்த்தான். உட்கார்ந்தால் இங்கேயே மிதித்துப் புதைத்துவிடுவேன் என்று கேன்டீன் குரலில் அதட்டி அதட்டியே கேட் வரைக்கும் நடத்திக்கொண்டு வந்துவிட்டாள்.

ஆம்புலன்சுக்குக் காத்திருந்தபோது அங்கே வந்த வனக்காவலர் அவளைப் பாராட்டினார். சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் கிடந்தாலும் ஒரு தடவை பனி விழுந்து மூடிவிட்டால் பக்கத்தில் நடக்கிறவர்களுக்குக்கூடத் தெரியாது, பனி கரைந்தாலும் புதர் மறைத்துவிடும் என்றார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். நோலீன் மலைப் பக்கம் திரும்பி, தான் இத்தனை குளிர்காலம் ஏறி இறங்கிய சாலையைப் பார்த்தாள்.

ஜாஸ்பருக்கு இரண்டு கால்விரல் போனதோடு சரி, பிழைத்துக்கொண்டான். ஊரே அவளைக் கொண்டாடியது. இனிமேலாவது மனசு ஆறும் என்று ராஸிடமே சொன்னார்கள். அவனும் அப்படித்தான் நினைத்தான்.

"அவன் மூச்சு விடறதப் பாத்தப்ப எனக்குச் சந்தோஷமே வரல ராஸ்," என்றாள் அவள். "இவன் எதுக்கு இங்க கிடக்கான்னுதான் தோணிச்சு."

ஜாஸ்பர் நடக்க ஆரம்பித்ததும் அவன் அம்மா ரோவீனா அவனை அழைத்துக்கொண்டு ஃபென்வுட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பெரிய கேக். வாசலிலேயே நோலீனைக் கட்டிக்கொண்டு அழுதாள். உள்ளே வந்து உட்கார்ந்தும் அவள் கையை விடவில்லை. கேலமின் கதை எதுவும் ரோவீனாவுக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை.

"உங்களுக்குப் பிள்ளைங்க?"

"ஒரு பையன்."

"என்ன பண்றான்?"

"வெளிய போயிருக்கான்."

ராஸ் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கொடுத்து வச்சவன்," என்றாள் ரோவீனா. "எங்கயாவது மாட்டிக்கிட்டா தேடிக் கண்டுபிடிக்க நீங்க இருக்கீங்க."

நோலீன் எழுந்து கேக்கை வெட்டி எல்லோருக்கும் வைத்தாள். ஜாஸ்பர் தட்டைக் காலி செய்ததும் கேட்காமலே இன்னொரு துண்டு வைத்தாள். அவர்கள் கார் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று கையாட்டினாள்.

"ஏன் அப்படிச் சொன்ன?" என்று கேட்டான் ராஸ்.

"அந்தப் பொம்பள சந்தோஷமா இருந்தா. விடு."

அதற்குப் பிறகு அவள் மலைக்குப் போகவில்லை. தேறிவிட்டாள் என்று ஊர் சொன்னது. கேன்டீன் வேலையையும் விட்டாள். பிள்ளைகள் சத்தம் தாங்கவில்லை என்றாள். ராஸ் லாரியை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவள் சமையலறையில் அதே நாற்காலியில்தான் இருப்பாள். ஹீட்டர் அணைந்திருக்கும். எதிரே தேநீர் ஆடை படிந்து ஆறியிருக்கும்.

மறு வருஷம் கேட்டைப் பூட்டிய வாரம், ராஸ் அவள் எதிரே உட்கார்ந்தான்.

"ஞாயித்துக்கிழம ஏரிக்குப் போலாமா நோலி? நானும் வரேன். ரெண்டு பேரும் சேந்தே நடப்போம்."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை.

"எதுக்கு?"

அவன் எழுந்து ஹீட்டரைப் போட்டுவிட்டு, இரவுக்கு உருளைக்கிழங்கு உரிக்க ஆரம்பித்தான்.