பழைய தெருப் பேச்சு

ஜெர்மனியின் கொலோன் நகரில் ட்ரினா எஸ்ஸர் பகலில் பேக்கரியில் ரொட்டி விற்பாள், மாலையில் ஊர்ப் பேச்சில் பாட்டு எழுதுவாள். 'ரைன்கரைக் கோமாளிகள்' குழு முப்பது வருஷமாகக் கார்னிவல் திருவிழா மேடைகளில் பாடுவதெல்லாம் அவள் எழுதியதுதான். பெயர் மட்டும் எங்கும் வராது. பாடகன் மால்ட்டெ வெளியூர், ஹனோவர்காரன். குழுவில் சேர்ந்து பன்னிரண்டு வருஷமாகியும் ஊர்ப் பேச்சில் சொந்தமாக ஒரு வரி வராது. ஆனால் மைக்கைப் பிடித்துவிட்டால் எல்லாம் அவன் பாட்டு.

அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். ஆனால் டிராம் பெட்டி கழுவித் தன்னை வளர்த்த அம்மாவைப் பற்றி அவள் எழுதிய பாட்டை, டிவியில் அவன் "எங்கம்மாவுக்காக நான் எழுதினது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பாடினான். முதியோர் இல்லத்தில் அதைப் பார்த்த அம்மா கேட்டாள்: "அவங்கம்மாவும் டிராம் கழுவினாளாடி?"

ஈஸ்டருக்குள் அம்மா போய்ச் சேர்ந்தாள். இவனைச் சும்மா விடுவதில்லை என்று ட்ரினா அன்றே முடிவு கட்டினாள். அவன் குணம் அவளுக்கு அத்துப்படி. புகழில் இம்மி பங்கு தரமாட்டான்; பழி வந்தால் முழுசாக அடுத்தவர் தலையில் கட்டிவிடுவான்.

நவம்பர் பிறந்ததும் புதுப் பாட்டை வாங்க வந்தவன் பல்லவியிலேயே நின்றான்.

"ட்ரினாக்கா, நேரம்ங்கறதுக்கு 'ட்ஸிக்'னுதானே நம்ம ஊர்ல சொல்வாங்க? இங்க 'ட்ஸீட்'னு இருக்கே?"

"அது இப்பத்திப் பேச்சு, தம்பி. இது பழைய தெருப் பேச்சு. கேக்கறவங்க சொக்கிப் போயிடுவாங்க."

'ட்ஸீட்' பக்கத்து ஊரான டியூசல்டார்ப் பேச்சு. கொலோன்காரர்களுக்கு அந்த ஊர்ப் பெயரைக் கேட்டாலே வேப்பங்காய். ஒத்திகையில் டிரம் அடிக்கும் மத்தெஸ் நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கும் மால்ட்டெ மேல் வயிற்றெரிச்சல் இருந்ததால் வாயை மூடிக்கொண்டான்.

வழக்கம்போல பதினொன்றாம் மாதம் பதினொன்றாம் தேதி காலை பதினொரு மணி பதினொரு நிமிஷத்துக்குக் கார்னிவல் தொடங்கியது. சந்தைத் திடலில் கூடியிருந்தவர்கள் புதுப் பல்லவியைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து பாட வாயெடுத்து, 'ட்ஸீட்' காதில் விழுந்ததும் அப்படியே நின்றார்கள். முதலில் சிரிப்பு, அப்புறம் ஊளை.

"டியூசல்டார்ப்புக்கே போய்ப் பாடுடா."

மால்ட்டெ கையை உயர்த்தி ஊளையை அமர்த்தப் பார்த்தான். "நான் எழுதலைங்க," என்றான் மைக்கில். "பேக்கரில ரொட்டி விக்கறாங்களே ட்ரினா எஸ்ஸர், அவங்க எழுதினது. எல்லாப் பாட்டும் அவங்கதான் எழுதறாங்க. நான் பாடறதோட சரி."

திடல் அடங்கியது. முன்வரிசையில் கோமாளித் தொப்பியோடு நின்ற ட்ரினா கேட்டாள்: "எல்லாப் பாட்டுமா, தம்பி? எங்கம்மா பாட்டுமா?"

அவன் மைக்கை இறக்கிவிட்டு, ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

"ஆட்டினா போதாது," என்றாள் ட்ரினா. "வாயைத் திறந்து சொல்லு. மைக்குல."