நைனாவின் வலது கை

அஞ்சாம் வகுப்பு முடிந்த கோடை லீவில் பெரியப்பாவின் பிள்ளைகள் சென்னைக்குப் போனார்கள். நான் காட்டுக்குப் போனேன். பெருமையோடுதான் போனேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, துணையாக ஓர் ஆள் தேவை என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். அந்த ஆள் நான்தான் என்று தெரிந்ததும் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

நகரியில் எங்கள் வீட்டின் முன்பாதியில் நாங்கள் இருந்தோம், பின்பாதியில் நாலு பவர்லூம் தறிகள் இருந்தன. அவை ஓடும்போது பக்கத்தில் இருப்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். கரண்ட் போனால்தான் எங்கள் வீட்டில் மெதுவாகப் பேசுவார்கள். அந்த வருஷம் ஒருநாள், அறுந்த இழையை முடிச்சுப் போடக் குனிந்த நைனாவின் வலது கை மணிக்கட்டோடு தொங்கிப்போனது. விரல்களில் பிடிமானம் இல்லை. ஆஸ்பத்திரியில் நரம்பு என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள், மெதுவாகச் சரியாகிவிடும் என்றார்கள். எங்கள் உறவுக்காரர்களுக்கு அந்த 'மெதுவாக' பிடிக்கவில்லை. பலமனேருக்கு அப்பால் காட்டுக்குள் ஒரு வைத்தியர் இருக்கிறாராம், ஒரு மண்டலம் தங்கினால் கை எழுந்துவிடுமாம் என்று பெரியப்பா விசாரித்துக்கொண்டு வந்தார். தறிகளையும் கைக்குழந்தையான தம்பியையும் விட்டு அம்மாவால் வர முடியாது. அப்படித்தான் எனக்கு அந்த உத்தியோகம் கிடைத்தது.

பலமனேரில் இறங்கி ஷேர் ஆட்டோ. அது நின்ற இடத்திலிருந்து ஒரு மணி நேர நடை. புல் வேய்ந்த ஏழு குடிசைகள், எண்ணெய் காய்ச்சும் ஒரு கொட்டகை, கீழே பாறைகளுக்கு நடுவில் ஒரு குளம். அவ்வளவுதான் அந்த வைத்தியசாலை. தாடி வைத்த சாமியாரை எதிர்பார்த்துப் போயிருந்தேன். வைத்தியர் கட்டம்போட்ட லுங்கி கட்டிக்கொண்டு, தெலுங்கில் மட்டும் பேசிக்கொண்டு, எங்கள் தெருவின் பால்காரரைப் போலவே இருந்தார். புளி, உப்பு, மிளகாய் கூடாது. யானை வரும், பொழுது சாய்ந்தால் குடிசையை விட்டு நகரக்கூடாது. போனை அவரிடம் கொடுத்துவிட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வாங்கிக்கொண்டு மேலே உள்ள பாறைக்குப் போனால் சிக்னல் கிடைக்கும்.

காலையில் நைனாவின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுவேன். கேழ்வரகுக் கஞ்சி வாங்கி வருவேன். தைலம் பூசி, இலை மூட்டையைச் சுடவைத்து வைத்தியரின் ஆட்கள் ஒத்தடம் கொடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். பத்து மணிக்கெல்லாம் என் வேலைகள் தீர்ந்துபோகும். அதற்குப் பிறகு ஒரு பகல் முழுவதும் மிச்சமிருக்கும். மற்ற குடிசைகளில் இடுப்பைப் பிடித்துக்கொண்டும் முழங்காலைப் பிடித்துக்கொண்டும் பெரியவர்கள். என் வயதில் ஒரு ஆள் இல்லை. அப்படி ஒரு அமைதியை நான் அதற்குமுன் கேட்டதே கிடையாது, காது அடைத்துவிட்டதோ என்று விரலை விட்டுக் குடைந்து பார்ப்பேன். ஏதாவது ஒரு குரல் கேட்கட்டும் என்று வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்வேன். பதினாறாம் வாய்ப்பாடு எனக்கு இன்றைக்கும் தூக்கத்தில்கூட வரும், அது அந்தக் காடு கொடுத்தது.

நைனா தூங்கினார். காலையில் ஒத்தடம் முடிந்ததும் தூங்குவார், கஞ்சி குடித்துவிட்டுத் தூங்குவார். எழுந்தால் குடிசை வாசலில் உட்கார்ந்து மரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். எப்போது வீட்டுக்குப் போவோம் என்று நான் தினமும் கேட்டேன். அவரும் தினமும் ஒரே பதிலைச் சொன்னார்.

"கை வரட்டும் கண்ணு."

ஆகவே அந்தக் கையை என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் ஒரு நெல்லிக்காயை அவர் வலது உள்ளங்கையில் வைத்து, பிடி என்பேன். விரல்கள் கொஞ்சம் அசையும், காய் உருண்டு விழும். எடுத்து மறுபடி வைப்பேன். மூன்று வாரம் போயிற்று. பெரியப்பாவின் பிள்ளைகள் இந்நேரம் கடலில் குளித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே, விழுந்த நெல்லிக்காயைத் தேடி எடுப்பேன்.

நாலாவது வாரம் ஒரு மத்தியானம் குடிசையில் அவரைக் காணோம். தேடிக்கொண்டு குளத்துக்கு இறங்கினேன். நைனா தண்ணீர் ஓரத்தில் நின்றிருந்தார். குனிந்து ஒரு சப்பைக் கல்லைப் பொறுக்கி, உடம்பைச் சாய்த்து வீசினார். வலது கையால். கல் தண்ணீர்மேல் தத்தித் தத்திப் போய் முங்கியது. சிரித்தார். இன்னொன்றைப் பொறுக்கினார். அவர் விளையாடி நான் பார்த்ததே இல்லை. பன்னிரண்டு வயதில் தறிக்கு வந்தவருக்கு அப்போது முப்பத்தாறு வயது. அந்தக் கணக்கையெல்லாம் நான் போட்டுப் பார்த்தது வெகுகாலம் கழித்து.

ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டிருக்கலாம். ஏனோ பாறைக்குப் பின்னாலேயே நின்றேன், பிறகு சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டேன். அன்று சாயங்காலமும் நெல்லிக்காய் உருண்டு விழுந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் குனிந்து எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பாறைமேல் நின்று அம்மாவிடம் பேசினார். இன்னும் அப்படியேதான் கீது, பாக்கலாம் என்றார். பிறகு போனை என்னிடம் கொடுத்தார். சாப்பிட்டியா என்று அம்மா கேட்டாள். பின்னால் தறிச் சத்தம் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நைனாவுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு சொன்னேன்.

"நைனாவுக்குக் கை வந்துட்ச்சிமா. கொளத்துல கல்லு உட்டாரு, நான் பாத்தேன்."

அம்மா என்ன சொன்னாள் என்பது நினைவில்லை, அவளும் அழுதாள் என்பது மட்டும்தான். திரும்பிப் பார்த்தபோது நைனா பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். திட்டுவார் என்று நின்றேன். எழுந்து வந்து, போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, சறுக்கலான இடத்தில் என் மணிக்கட்டைப் பிடித்து இறக்கிவிட்டார். வலது கையால்தான் பிடித்தார். நன்றாக, வலிக்கும்படி பிடித்தார். எனக்கு ஒரே சந்தோஷம்.

இரண்டாம் நாள் தம்பியையும் தூக்கிக்கொண்டு பெரியப்பாவோடு அம்மா வந்துவிட்டாள். வைத்தியர் கையை மடக்கச் சொன்னார். நைனா ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டு விரல்களை மடக்கினார். அம்மா அந்தக் கையைக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். வைத்தியர் இன்னும் பதினைந்து நாள் இருந்தால் நல்லது என்று தெலுங்கில் சொன்னார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கை வந்துவிட்டதே.

சித்தூருக்குப் போகும் பஸ்ஸில் அம்மாவும் பெரியப்பாவும் முன் சீட்டில், நானும் நைனாவும் பின்னால். பஸ் பிரயாணம் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அம்மா ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்திருந்தாள். வெகுநேரம் கழித்து நைனா கேட்டார்.

"அன்னிக்கி எத்தினி தபா தத்திச்சி, பாத்தியா?"

"நாலு."

"அஞ்சி," என்றார்.

அப்புறம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள் லேசாகக் குலுங்கியது. பஸ் அவருக்கும் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, பழத்தை நகத்தால் கீறி அவரிடம் நீட்டினேன். முகத்தைத் திருப்பாமலே கையை நீட்டி வாங்கி, மூக்கருகில் வைத்துக்கொண்டார்.