இன்னொருவரின் பித்தளைத் தகடு

அண்ணன் வீட்டு வரவேற்பறையில், சாமிப் படங்களுக்கு நேரெதிர்ச் சுவரில் அப்பா இருக்கிறார். காக்கிச் சட்டை, கையில் மூன்று பட்டை, வலிந்து இறுக்கிய வாய். வெள்ளைக்காரன் காலத்து விமானப்படையில், ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்திலிருந்து போன ஒருவர் சார்ஜன்ட் ஆனதற்கு அந்தப் படம்தான் எங்களிடம் இருக்கிற சாட்சி. வீட்டுக்கு வருகிறவர்களை அண்ணன் அதைப் பார்த்தபடி இருக்கும் கதிரையில்தான் உட்கார வைப்பார். தேநீர் வருவதற்குள் கதை வந்துவிடும்.

சென்ற மழைக்காலத்தில் ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி ஒருவர் என்னோடு தொலைபேசியில் பேசினார். சிங்களவர், மிக மரியாதையான மனிதர். உலக யுத்தத்தின்போது வெள்ளைக்காரனின் விமானங்களைப் பழுது பார்த்த நம் நாட்டு ஆட்களின் படங்களைத் திரட்டிக்கொண்டிருந்தார். கண்டியில் ஒரு பாடசாலை மண்டபத்தில் ஒரு வாரம் காட்சிக்கு வைக்கும் எண்ணம். அப்பாவின் படமும், அவர் படிப்படியாக உயர்ந்த கதை ஒரு பக்கமும் வேண்டும் என்றார். ஒரு பக்கம்தானே என்று சரி சொல்லிவிட்டேன்.

உட்கார்ந்தால் எழுத வராது எனக்கு. நடந்தால்தான் வரும். கண்டி வாவியைச் சுற்றி நடந்தேன். மழை விட்ட நேரம், மரத்தடியெல்லாம் நாரைகளின் எச்சம், ஓரத்துத் தண்ணீரில் வாயைத் திறந்து திறந்து மூடும் மீன்கள். முதல் சுற்றிலேயே பாதிப் பக்கம் மனதில் வந்து நின்றது. திருகோணமலைப் பக்கத்து விமானத்தளத்துக்கு அப்பா கூலியாகப் போனார். ஓடுபாதைக்குக் கல் பரப்பினார், எண்ணெய்ப் பீப்பாய் உருட்டினார். தேயிலைத் தொழிற்சாலை இயந்திரத்தின் சத்தத்தில் வளர்ந்தவர் என்பதால், இயந்திரம் ஒன்று ஓடும்போது எந்த இடத்தில் அதற்கு நோவு என்று அவருக்குக் கேட்டுவிடும். அதை ஒரு வெள்ளைக்காரன் கவனித்து, சோதனைக்கு அனுப்பினான். ஓர் இரும்புத் துண்டை அரத்தால் அராவி அறுகோணமாக்க வேண்டும். அதை அறுகோணத் துளையில் எப்படித் திருப்பிச் செருகினாலும் இடுக்கில் வெளிச்சம் தெரியக் கூடாது. மூன்று நாள் அராவினாராம். வெளிச்சம் தெரியவில்லை. கூலி, பிட்டர் என்கிற இயந்திரப் பழுதுகாரர் ஆனார். இரண்டாம் வகுப்பு, முதலாம் வகுப்பு, பிறகு சட்டைக் கையில் சின்னதாக ஒரு விமானக் காற்றாடிச் சின்னம். அதற்கு அடுத்தது இரண்டு பட்டை, கோப்ரல்.

அந்த இடத்தில் என் கால் நின்றுவிட்டது. மேலே எழுதினால் பொய். எழுதாமல் தாண்டினாலும் பொய்.

அந்தத் தளத்தில் அப்பாவோடு கலஹா தோட்டத்து ஆள் ஒருவர் இருந்தார். ஒரே வயது. அப்பாவுக்கு ஓர் ஆண்டு முன்னதாகச் சேர்ந்ததால் எதிலும் ஒரு படி முன்னால் இருந்தார். அப்பாவின் கையில் காற்றாடி வந்தபோது அவர் கையில் இரண்டு பட்டை இருந்தது. நாங்கள் அவரை மாமா என்போம்.

விமானத்தளத்துக் கருவி அறையில் ஒரு வழக்கம். ஒவ்வொரு பிட்டருக்கும் அவன் எண் பொறித்த பித்தளைத் தகடுகள் ஐந்து. ஒரு ஸ்பேனரை எடுத்தால், அது தொங்கிய ஆணியில் தன் தகடு ஒன்றை மாட்டிவிட்டுப் போக வேண்டும். மாலையில் எந்த ஆணியில் தகடு தொங்குகிறதோ, அந்த எண்காரன் பதில் சொல்ல வேண்டும். ஒரு கருவி குறைந்தாலும் விமானம் எழும்பாது. ஏனென்றால் அது விமானத்துக்குள்ளேயே கிடக்கலாம்.

வேலை மும்முரத்தில் ஐந்து தகடு யாருக்கும் போதாது. மற்றவர்கள் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னொன்றை எடுப்பார்கள். அப்பாவும் மாமாவும் அப்படிச் செய்யவில்லை. ஒருவர் தகடு தீர்ந்தால் மற்றவர் தகட்டை மாட்டிவிட்டு எடுத்தார்கள். அது தவறு என்றே அவர்களுக்குத் தோன்றியிருக்காது. இருவரின் அம்மாக்களும் கொழுந்து பறித்தவர்கள். மடுவத்தில் கொழுந்து நிறுக்கப் போகும் வழியில், காய்ச்சல்காரியின் கூடையில் கொழுந்து குறைந்திருந்தால் பக்கத்து நிரைக்காரி தன் கூடையிலிருந்து நாலு கை அள்ளிப் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது போல முன்னால் நடப்பாள். மலையில் அது மனிதத்தனம். வெள்ளைக்காரனின் கருவி அறையில் அதற்கு வேறு பெயர் இருந்தது.

ஒரு நாள் அப்பா மாமாவின் தகட்டில் ஒரு ஸ்பேனரை எடுத்தார். வேலை முடிந்து அதை இயந்திரத்துக்குள்ளேயே மறந்துவிட்டார். அன்று மாலை கருவி அறையை யாரும் ஒழுங்காகச் சரிபார்க்கவில்லை. விமானம் பறந்தது. இயந்திர வேகத்தைக் கூட்டும் கம்பியில் ஏதோ தடுக்குகிறது என்று விமானி பாதியிலேயே திரும்பி இறங்கினான். மூடியைக் கழற்றினால் ஸ்பேனர். ஆணியில் மாமாவின் எண். எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, இது யாருடைய தகடு என்று அதிகாரி கேட்டான். மாமா ஓர் எட்டு முன்னால் வந்து என்னுடையது என்றார். நீதான் எடுத்தாயா என்று கேட்டான். ஆமாம் என்றார்.

இரண்டு பட்டையையும் பறித்து அவரைச் சமையற்கட்டு விறகுக்கு அனுப்பினார்கள். காலியான இடத்துக்கு, சோதனையெல்லாம் முடித்துக் காத்திருந்த அப்பா வந்தார். கோப்ரல். யுத்தம் முடிவதற்குள் சார்ஜன்ட். வெள்ளைக்காரன் போய்ச் சுதந்திரம் வந்ததும் புதிய குடியுரிமைச் சட்டத்தில், தோட்டத்து ஆட்கள் பலரைப் போல, இருவரும் நாடற்றவர்கள் ஆனார்கள். அதில் மட்டும் மூன்று பட்டைக்காரருக்கும் விறகுக்காரருக்கும் வித்தியாசம் இருக்கவில்லை. அப்பா ஹந்தானையில் தொழிற்சாலை இயந்திரத்துக்கு வந்தார். மாமா கலஹாவில் கவ்வாத்து வெட்டினார். தேயிலைச் செடியைக் குட்டையாக வெட்டிவிடும் வேலை அது.

இதை அப்பா என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார். மாமாவின் சாவுக்குப் போய்விட்டு, கலஹாவிலிருந்து பேராதனைக்கு வரும் பஸ்ஸில். ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார். வரிசையில் நின்றபோது நீங்கள் ஏன் பேசவில்லை என்று கேட்டேன்.

“வாயத் தொறந்தேன். காத்துதான் வந்துச்சு.”

பிறகாவது மாமாவிடம் கேட்டீர்களா, ஏன் அப்படிச் சொன்னார் என்று.

“கேட்டேன். டீ குடிக்கப் போவமான்னான்.”

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. என் வாயையும் ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. சின்ன வயதில் தீபாவளிக்குத் தீபாவளி அப்பா எங்களைக் கலஹாவுக்கு அழைத்துப் போவார். மாமிக்குச் சேலை, மாமாவுக்குச் சட்டைத் துணி. மாமி சேலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மாமாவைப் பார்த்துச் சொல்வார்: “ஒரு ஸ்பேனரப் பாத்துக்கத் தெரியாத மனுசன். ஒங்க சிநேகிதரப் பாருங்க, எப்பிடி வந்துட்டாரு.” ஆண்டுதோறும் இதே பேச்சு. அப்பா தேநீரை ஊதிக்கொண்டிருப்பார். மாமாவை நாங்கள் ஸ்பேனர் மாமா என்போம். நான் ஒரு தேக்கரண்டியை ஒளித்து வைத்துக்கொண்டு, எங்கே போச்சு மாமா என்று கேட்பேன். அவர் பாயைத் தூக்கிப் பார்ப்பார், என் காதுக்குள் எட்டிப் பார்ப்பார். எல்லோரும் சிரிப்போம். அவர்தான் அதிகம் சிரிப்பார்.

அப்பாவும் போய் இருபது ஆண்டாகிறது.

அரைப் பக்கத்தோடு அண்ணனிடம் போனேன். மீதியை எப்படி எழுதப் போகிறேன் என்று சொன்னதும் அவர் தொலைக்காட்சியை நிறுத்தினார். அந்த ஆளே விட்டுவிட்ட விஷயம், இத்தனை வருடம் கழித்து அப்பாவைக் கொண்டுபோய் மண்டபத்தில் நிறுத்தி அவமானப்படுத்தப் போகிறாயா என்று கேட்டார். அராவின இரும்பு பொய்யா, மூன்று பட்டை பொய்யா என்றார். பொய்யில்லை என்றேன்.

“அப்ப அத மட்டும் எழுது. ஒனக்கு ஊர்ல இல்லாத உண்மையெல்லாம் எதுக்குடா?”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கண்டியில் ஓர் அலுவலகத்தில் தோட்டத்தான் என்று கேட்டுக்கேட்டே முப்பது ஆண்டு கழித்தவர் அவர். அந்தச் சுவர் அவருக்கு வேண்டும். ஆனால் மாமாவுக்குச் சுவரே கிடையாது. காட்சிக்கு ஆட்கள் வருவார்கள், கலஹாவிலிருந்தும் வருவார்கள். அப்பாவின் படத்தைப் பார்த்துவிட்டு, இவர் கூட்டாளி ஒருத்தன் ஸ்பேனரைத் தொலைத்தானே என்று யாராவது சொன்னால், நான் எழுதும் பக்கமும் அதற்கு ஆமாம் போடும்.

மாமாவின் மகள் கலஹாவில் அதே தோட்டத்தில் இருக்கிறார். பிள்ளைக் காம்பராவில், பெற்றோர் மலைக்குப் போனபின் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஒரு வியாழக்கிழமை பஸ் ஏறினேன். எந்த வளைவில் இறங்கினாலும் திரும்பிவிடலாம் என்று கடைசி வரை நினைத்துக்கொண்டே போனேன். மேலே போகப் போக மூடுபனி கண்ணாடியில் வந்து ஒட்டியது. தேயிலை நிரைகள் ஒவ்வொன்றாக மறைந்துபோயின.

“வாங்க தம்பி. தீபாவளிக்குத்தான் வருவீங்கன்னு பாத்தா, மழைக்கு வந்திருக்கீங்க,” என்று கதிரையைத் துடைத்துப் போட்டார்.

காட்சியைப் பற்றிச் சொன்னதும் அவருக்கு மகிழ்ச்சி. ஒங்க அப்பா மாதிரி மனுசர் உண்டா, வருசம் தவறாமல் சேலை கொண்டுவந்தாரே என்றார். அதைக் கேட்ட பிறகு சுற்றி வளைக்க முடியவில்லை. முழுவதையும் சொன்னேன். தகடு, ஸ்பேனர், வரிசை, காத்து. தேக்கரண்டியையும் சொன்னேன்.

அவர் எழுந்து உள்ளே போனார். அடுப்பில் எதையோ இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வர வெகு நேரமானது. வந்து, உட்காராமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“எங்கம்மா சாவுற வரைக்கும் திட்டுனாங்க தம்பி. சாவுற அன்னிக்குக்கூட. மருந்து போத்தலக் கீழ போட்டுட்டாருன்னு, ஸ்பேனர் மாதிரி இதையும் தொலைச்சீங்களான்னாங்க. அவரு ஒண்ணுமே சொல்லல. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?”

கதவு நிலையிலிருந்து கையை எடுத்து, நான் உட்கார்ந்திருந்த கதிரையைக் காட்டினார்.

“ஒங்க அப்பா அந்தத் திட்டெல்லாம் கேட்டுக்கிட்டு இருந்தாரே. இந்தக் கதிரையிலதான் இருந்தாரு.”

நான் எழுந்துவிட்டேன். இருங்க என்றார். எழுதிக்கொண்டு வந்ததைப் படிக்கச் சொன்னார். பையில் இரண்டு தாள் இருந்தன, அண்ணன் சொன்னபடி ஒன்று, நான் நினைத்தபடி ஒன்று. என்னுடையதை எடுத்துப் படித்தேன். நட்புக்காகத் தன் பட்டைகளைத் தந்தார் என்று ஒரு வரி வந்தது. அந்த வரிக்காக வாவியை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தேன். அவர் கையை உயர்த்தினார்.

“நட்புன்னு எழுதாதீங்க. அவரு எதுக்குச் சொன்னாருன்னு ஒங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பயத்துலகூடச் சொல்லியிருக்கலாம். தகடு அவரோடதுதானே. சொன்னாருன்னு மட்டும் போடுங்க.”

அடித்தேன். அழகாக எழுதியிருந்த இன்னும் இரண்டு இடங்களையும் அவர் கேட்காமலே அடித்தேன். தேநீர் தந்தார். சீனி போட மறந்திருந்தார், அல்லது போடவில்லை. நான் குடித்தேன்.

அதிகாரி பக்கத்தைப் படித்துவிட்டு மறுநாள் பேசினார். இது உயர்வின் கதையாக இல்லையே என்று தயங்கினார். படத்துக்குக் கீழே நான் எழுதித் தந்ததை அப்படியே போடாவிட்டால் படத்தைத் திருப்பித் தந்துவிடுங்கள் என்றேன். தானும் ஒரு பொறியியலாளன், தகடு தொங்கும் கருவிப் பலகைக்கு முன்னால் நின்றவன்தான் என்றார். பிறகு, அந்த இன்னொருவரின் படமும் இருக்கிறதா என்று கேட்டார்.

சீருடையில் மாமாவுக்குப் படமே இல்லை. மகள் தந்தது அடையாள அட்டைக்கு எடுத்த வயதான படம். கம்பளிக் குல்லா, மூன்று நாள் தாடி. காட்சிக்கு முந்தின நாள் மகளையும் அழைத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். அண்ணன் வரவில்லை. படத்தை மட்டும் தந்திருந்தார், அதுவும் கடைசி நேரத்தில், ஒரு பழைய துவாயில் சுற்றி.

இரண்டு படமும் ஒரே பலகையில் இருந்தன. அப்பாவின் படத்துக்குக் கீழே பெயரும் சார்ஜன்ட் என்ற பதவியும் தட்டச்சில் இருந்தன. மாமாவின் பெயருக்குப் பக்கத்தில் இடம் வெறுமையாக இருந்தது. பதிவேட்டின்படி அவர் வெளியேறும்போது பதவி ஏதும் இல்லை, அதனால் உதவி ஊழியர் என்று போடட்டுமா என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். நான் மொழிபெயர்ப்பதற்குள் மகளுக்குப் புரிந்துவிட்டது. அவர் தமிழிலேயே பதில் சொன்னார். அதை நான் சிங்களத்தில் சொல்ல வேண்டியிருந்தது.

“கோப்ரல்னு போடச் சொல்லுங்க. அத அவங்க புடுங்குனாங்க. அவரு தொலைக்கல.”

சொன்னேன். அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதிவேட்டுக்கு விரோதமாகப் போட முடியாது என்று சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மகளின் கையில் கொடுத்து, நீங்களே எழுதுங்கள் என்று சைகை காட்டினார்.

மகள் நிதானமாகக் கோப்ரல் என்று எழுதினார். பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளின் பெயர் எழுதிப் பழகிய எழுத்து, பெரியதாக, ஒன்றோடொன்று ஒட்டாமல். எழுதி முடித்ததும் மை காயட்டும் என்று, பலகை ஓரத்தைப் பிடித்த கையை எடுக்காமல், அங்கேயே நின்றார். நான் சற்றுத் தள்ளி அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்றேன்.