கூரையில் ஒரு தாமரைக்குளம்

சித்தன்னவாசல் குடைவரைக்குள் நிற்கிறேன். பாறையேறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. இவ்வளவு சுவர் இருக்க, தாமரைக்குளத்தைப் போய்க் கூரையில் தீட்டியிருக்கிறார்கள். அண்ணாந்தால் கழுத்து நோகிறது.

"படுத்துப் பாத்தாத்தான் ஆத்தா நல்லாத் தெரியும்," என்கிறார் காவல்காரர்.

கூட வந்திருப்பது மகள் புருஷன். கல்யாணமான நாளிலிருந்து அவருக்குக் கதவு மறைவில் நின்றுதான் பதில் சொல்கிறேன். அவர் கண்முன்னே மல்லாந்து படுப்பதா?

"ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய நில்லுங்க," என்கிறேன்.

போகிறார்கள். வெறும் பாறையில் படுக்கிறேன். கல் குளிர்ச்சியாக இருக்கிறது. மேலே தாமரை, மீன், யானை, எருமைகூட நிற்கிறது. ஒருவன் பூப் பறிக்கிறான். வெளியே மாப்பிள்ளை சித்திரக்கலையைப் பற்றிக் காவல்காரருக்கே பாடம் நடத்துகிறார்.

போதுமென்று எழப் பார்க்கிறேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. கூப்பிட்டால் மாப்பிள்ளைதான் வந்து தூக்க வேண்டும். அதற்கு இப்படியே கிடக்கலாம்.

"பாத்தாச்சுங்களா அத்தை?"

"சித்திரத்தை அவசரமாப் பாக்குறதா மாப்பிள்ளை? செத்த நில்லுங்க."

"மெட்ராசுலேருந்து வாரவுககூட இம்புட்டு நேரம் பாத்ததில்லைங்க," என்கிறார் காவல்காரர்.

"எங்க அத்தைக்குக் கலைன்னா உசுரு." மாப்பிள்ளையின் குரலில் பெருமை வழிகிறது.

இடுப்பு மெல்ல விட்டுக்கொடுக்கிறது. எழுந்துவிடலாம். ஆனாலும் இந்தப் பேச்சுக்குப் பிறகு உடனே எழுந்தால் மரியாதையாக இராது. படுத்தே இருக்கிறேன்.